தாத்தாவின் நாட்டுத் துப்பாக்கிக்கு எந்தக் கருமருந்து? எங்கே, எப்படி வாங்குவது?

வெண்ணாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம் எங்க ஊர். தாத்தா பேர்ல பயிர்ப் பாதுகாப்புக்குன்னு ஒரு ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி உரிமம் இருந்துச்சு. குழல் வாய் வழியா கறுப்பு வெடிமருந்து கெட்டிச்சு, கேப்பு (அடிச்சா பொறி கிளப்புற சின்ன மூடி) மாட்டிச் சுடுற பழைய ரகம். தாத்தா காலமானதும் துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு, வாரிசு அடிப்படையில நான் விண்ணப்பிச்சேன். ரொம்ப நாள் அலைச்சலுக்கு அப்புறம் இப்ப உரிமம் என் பேருக்கு வந்துருக்கு. துப்பாக்கியும் வீட்டுக்கு வந்தாச்சு.

வயல்ல பன்னித் தொந்தரவு அதிகம். சுட்டுக் கொல்ற எண்ணம் எனக்கு இல்ல. கதிர் பால் பிடிக்கிற நேரத்துல சத்தம் காட்டி விரட்டணும், அவ்வளவுதான். ஆனா மருந்து விஷயத்துல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

கோயில் திருவிழாவுக்கு வேட்டுப் போடுறவர் ஒருத்தர், "நம்மகிட்டயே மருந்து இருக்கு தம்பி, பொட்டலம் கட்டித் தர்றேன்"ங்கறார். பக்கத்து ஊர்ப் பெரியவர், கடையிலதான் வாங்கணும்ங்கறார். பரண்ல தாத்தா வச்சிருந்த தகர டப்பா ஒண்ணும் இருக்கு, அசைச்சா உள்ள கரகரன்னு சத்தம் வருது. மூணுல எது சரி? மருந்துல பருசு, நைசுன்னு ரகம் இருக்காமே, என் துப்பாக்கிக்கு எது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பட்டறை_கும்பகோணம்

தம்பி, மருந்தப் பத்தி அப்புறம் பேசுவோம். முதல்ல இதைப் படிச்சுட்டு, படிச்சபடியே செய்யுங்க.

ரொம்ப நாள் சும்மா கிடந்த வாய்க்கெட்டுத் துப்பாக்கிய, உள்ள மருந்து இருக்குன்னு நினைச்சுத்தான் தொடணும். தோட்டாத் துப்பாக்கியா இருந்தா மடக்கிப் பார்த்துடலாம். இதுல அப்படி வழியே கிடையாது. கெட்டிச்சு வச்ச மருந்து ஈரம் படாம இருந்தா பல வருஷம் கழிச்சும் வெடிக்கும். எங்க பட்டறைக்கு வர்ற பழைய துப்பாக்கிகள்ல கெட்டிச்ச மருந்தோட வந்ததும் உண்டு. கொண்டு வந்தவங்களுக்கே அது தெரியாது.

கேப்பு இருந்தா எடுத்துடுங்க. குழலை ஆள் இல்லாத பக்கம் திருப்பி வச்சு, கெஜக்கோலை (மருந்து கெட்டிக்கிற நீளக் கோல்) மெதுவா உள்ள விடுங்க. குத்தக் கூடாது. அது நின்ன இடத்துல, குழல் வாய்க்கு நேரா கோல்ல ஒரு குறி போடுங்க. வெளிய எடுத்து, அந்தக் குறி குழல் வாய்க்கு நேரா இருக்கும்படி குழலுக்கு வெளிப்பக்கமா சேர்த்து வச்சுப் பாருங்க. கோல் முனை கேப்பு மாட்டுற குமிழ் வரைக்கும் வந்தா குழல் காலி. ரெண்டு மூணு விரல் அளவு முன்னாடியே நின்னா உள்ள ஏதோ இருக்கு. அப்படி இருந்தா நீங்க நோண்டாதீங்க, சுட்டுக் காலி பண்ணலாம்னும் நினைக்காதீங்க. உரிமம் உள்ள துப்பாக்கிப் பட்டறைக்குக் கொண்டு போங்க. ஈரப்படுத்தி, மருந்து மேல அடைச்ச தக்கையோட வெளிய எடுக்கிற கருவி அவங்ககிட்ட இருக்கும்.

இதை முடிச்சுட்டு வந்து எழுதுங்க.

---

சம்பா_நெல்

எங்க அப்பா காலத்துலேர்ந்து வாணக்காரர்கிட்டதான் மருந்து வாங்கினோம். ஒண்ணும் ஆனதில்ல. கடைக்குப் போனா ஆயிரம் கேள்வி, பதிவு, கையெழுத்து. ஒரு சத்தம் போட இவ்வளவு சிரமம் எதுக்கு? வேட்டுலயும் அதே உப்பு, கந்தகம், கரிதானே?

---

பட்டறை_கும்பகோணம்

> வேட்டுலயும் அதே உப்பு, கந்தகம், கரிதானே?

அண்ணே, உங்க மேல மரியாதை உண்டு, ஆனா இந்த ஒரு வரிய நம்பினா குழல் கிழியும்.

உங்க அப்பா காலத்து அதிர்வேட்டுல வெறும் கருமருந்துதான் இருந்திருக்கும். இன்னைக்கு வாணக்காரர் கையில இருக்குற பொட்டலத்துல என்ன இருக்குன்னு அவருக்கே முழுசாத் தெரியும்னு சொல்ல முடியாது. பளிச்சுன்னு வெளிச்சமும் காதைப் பிளக்குற சத்தமும் வர்றது அலுமினியப் பொடி கலந்த மருந்து. அது எரியுற வேகம் வேற. வெட்டவெளியில காகிதக் குழாய் கிழியுறதுக்குன்னு செஞ்சது அது. உங்க கன்னத்துலேர்ந்து ஒரு சாண் தள்ளி இருக்குற இரும்புக் குழலுக்குள்ள போட்டா அந்தக் குழலையும் கிழிக்கத்தான் பார்க்கும். குளோரேட்டுங்கற ரசாயனமும் கந்தகமும் சேர்ந்தா லேசா உரசினாலே பத்திக்கும். அந்தக் கலவைய அரசாங்கம் 1992லயே தடை பண்ணிடுச்சு. கெஜக்கோலால இடிச்சுக் கெட்டிக்கிற துப்பாக்கிக்குள்ள அந்த மாதிரி ஒண்ணு போனா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க.

கருமருந்துலயே கூட துப்பாக்கி மருந்து வேற. அதை அழுத்திக் கட்டியாக்கி, உடைச்சு, சல்லடையில சலிச்சு, ஒரே அளவு மணியாப் பிரிச்சு வச்சிருப்பாங்க. மணியோட அளவுதான் எரியுற வேகத்தைத் தீர்மானிக்குது. கையால கலக்கின தூள்ல அந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்ல. இன்னைக்கு மெத்துனு எரியும், நாளைக்கு அதே அளவு போட்டா தோள்பட்டையத் தூக்கி அடிக்கும்.

---

ஊசிமணி

நான் நரிக்குறவர் சமூகம். எங்க பெரியவங்க கையில இந்தத் துப்பாக்கி ரொம்ப காலமா இருந்தது. இப்ப வேட்டை இல்லை, என் தலைமுறையில நாங்க மணி, பாசி வியாபாரம்தான். ஆனா தாத்தா சொல்லிக் கொடுத்த சில விஷயம் இங்க உதவும்.

மருந்து வாங்கினா ஒரு சிட்டிகை வெள்ளைக் காகிதத்துல கொட்டிப் பார்ப்பார். மணி ஒண்ணு போல இருக்கணும், பச்சரிசிக் குருணை மாதிரி தனித்தனியா உருளணும். காகிதத்தைச் சாய்ச்சுக் கொட்டினா கறுப்புப் பொடி நிறைய ஒட்டிக்கிட்டு நின்னா வேண்டாம்பார். கட்டி கட்டியா இருந்தா ஈரம் பட்டது. மேல வெள்ளையாப் பூத்திருந்தா மருந்துல இருக்குற வெடியுப்பு வெளிய வந்துடுச்சுன்னு அர்த்தம், அதைக் காய வச்சாலும் பழைய நிலைக்கு வராது.

இன்னொண்ணு, மருந்துக் குடுவையிலேர்ந்து நேரா குழல்ல கொட்டவே விட மாட்டார். தனியா ஒரு சின்ன அளவைக் குழாய் இருக்கும், அதுல அளந்து, குடுவைய மூடி தள்ளி வச்சுட்டுத்தான் கொட்டணும். முன்னாடி சுட்டதுல ஒரு பொறி உள்ள கனன்னுக்கிட்டு இருந்தா, அளவைக் குழாய்ல இருக்குற கொஞ்சம் மருந்தோட போகும். குடுவையோட கொட்டினா மொத்தக் குடுவையும் கையிலயே வெடிக்கும்.

---

காவிரிக்கரை_மியூனிக்

வணக்கம். சொந்த ஊர் மயிலாடுதுறை, வேலை ஜெர்மனியில். இங்கே ஒரு சுடுதல் சங்கத்தில் பழைய வாய்க்கெட்டு ரைபிள்களைச் சுடும் பிரிவில் இருக்கிறேன். மணி அளவு பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதை விரிவாக எழுதுகிறேன்.

மேலைநாட்டு டப்பாக்களில் 'எஃப்' என்ற எழுத்தும் அதன் பின்னால் 'ஜி'யும் இருக்கும். எஃப் கூடக் கூட மணி சிறிதாகும், எரிவது வேகமாகும். ஒற்றை எஃப் பெருமணி, பீரங்கிக்கும் மிகப் பெரிய வாய் கொண்ட துப்பாக்கிகளுக்கும். 2எஃப் என்பது அரை அங்குல விட்டமும் அதற்கு மேலும் உள்ள ரைபிள்கள், மஸ்கட்டுகள் (பழைய காலப் படைத் துப்பாக்கிகள்), ரவை என்னும் சிறு குண்டுகளைப் போட்டுச் சுடும், உள்ளே வரிப்பள்ளம் இல்லாத வழுவழுக் குழல் துப்பாக்கிகளுக்கு. 3எஃப் அதற்கும் சிறிய ரைபிள்களுக்கும் கைத்துப்பாக்கிகளுக்கும். 4எஃப் கிட்டத்தட்டப் பொடி. சக்கிமுக்கித் துப்பாக்கியின் வெளிக்கிண்ணத்தில் பற்றவைப்புக்கு ஒரு சிட்டிகை போடுவது அது; குழலுக்குள் முழு அளவாகப் போடக் கூடாதது.

சுவிஸ் நாட்டு மருந்து வேறு எண் முறையில் வரும். அங்கே 1 என்றால் 4எஃப், 2 என்றால் 3எஃப், 3 என்றால் 2எஃப். எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் குழப்பம் வரும். சுவிஸ் மருந்து வேகமானது, எரிந்தபின் மிச்சமாகும் கரியும் மென்மையானது. இலக்குப் போட்டிக்காரர்கள் அதிக விலை கொடுத்து அதைத் தேடுவது அதனால்தான். ஆனால் வேறு கம்பெனி மருந்துக்குப் பழகிய அளவை அப்படியே இதற்கும் போடக் கூடாது, குறைத்துத் தொடங்க வேண்டும். ஜெர்மனியின் வானோ மருந்து விலை குறைவு, பழகுவதற்கு அது போதும். அமெரிக்காவில் கோயெக்ஸ் பெயர் பெற்றது. 2021-ல் அந்த ஆலை மூடப்பட்டபோது அங்குள்ளவர்கள் தவித்துப்போனார்கள், அடுத்த ஆண்டு வேறொரு நிறுவனம் வாங்கித் தொடர்ந்தது.

வெண்ணாற்றங்கரை, உங்களுடையது வழுவழுக் குழலாகத்தான் இருக்கும். நம் ஊரில் பயிர்ப் பாதுகாப்புக்குத் தரப்படும் வாய்க்கெட்டுத் துப்பாக்கிகள் பெரும்பாலும் அந்த வகை. அதற்கு நடுத்தர மணி, அதாவது 2எஃப் அளவுக்கு ஒத்தது. சந்தேகம் இருந்தால் பெருமணிப் பக்கம் சாயுங்கள். பெருமணி மெதுவாக எரியும், குழலுக்குத் தரும் அழுத்தம் குறைவு.

---

கல்லணை_இளைஞன்

மியூனிக் அண்ணா, நீங்க அடுத்த முறை ஊருக்கு வரும்போது அந்த சுவிஸ் மருந்து ஒரு டப்பா கொண்டு வர முடியுமா? எங்க பெரியப்பாகிட்ட உரிமம் இருக்கு.

இல்லன்னா வீட்லயே செய்ய ஏதாவது வழி சொல்லுங்க, விகிதம் மட்டும் போதும்.

---

காவிரிக்கரை_மியூனிக்

முடியாது தம்பி. வெடிமருந்தை விமானத்தில் பயணப் பெட்டியிலும் கொண்டு வர முடியாது, கைப்பையிலும் முடியாது, தபாலிலும் அனுப்ப முடியாது. ஒரு கிராம் என்றாலும் அதே விதிதான்.

இங்கே நிலைமை என்ன என்று சொல்கிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள். ஜெர்மனியில் 1871-க்கு முந்தைய வடிவமைப்பில் உள்ள, கேப்பு மாட்டி ஒரு முறைக்கு ஒரு குண்டு மட்டும் சுடும் துப்பாக்கியைப் பதினெட்டு வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமலே வாங்கலாம். ஆனால் அதில் போடும் மருந்தை வாங்க வேண்டுமென்றால் வெடிபொருள் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி தனி அனுமதி தேவை. அதற்கு வகுப்புக்குப் போக வேண்டும், தேர்வு எழுத வேண்டும். துப்பாக்கியை விட மருந்தைத்தான் அவர்கள் ஆபத்தாகப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் பார்க்கிறேன்.

---

நெறியாளர்

கல்லணை_இளைஞன், வீட்டில் மருந்து செய்வது பற்றிய கேள்வியும் பதிலும் இந்த மன்றத்தில் அனுமதி இல்லை. உரிமம் இல்லாமல் வெடிமருந்து தயாரிப்பது குற்றம். அதைவிட முக்கியம், இடிக்கும்போதும் சலிக்கும்போதும் பற்றிக்கொண்டு கையும் கண்ணும் போனவர்களை இந்த மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறோம். தொடர்ந்து கேட்டால் பதிவு நீக்கப்படும்.

---

பழைய_தாசில்

வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். வாங்குவது பற்றிய சட்டப் பக்கத்தை எழுதுகிறேன்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்க்கெட்டுத் துப்பாக்கி உரிமம் தருவது பற்றித் தனியாகவே சொல்லியிருக்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால்தான் வேறு வழுவழுக் குழல் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். விவசாயிக்கு இந்த ரகம் வந்து சேர்ந்தது இப்படித்தான். 2019 திருத்தத்துக்குப் பின் உரிமம் ஐந்து ஆண்டுக்குச் செல்லும், அதற்கு முன் மூன்று. தம்பி தாத்தா இறந்தவுடன் துப்பாக்கியை ஒப்படைத்தது மிகச் சரி. 21-ஆம் பிரிவு கேட்பது அதைத்தான். பல வீடுகளில் 'அப்பா பேர்ல உரிமம் இருக்கே' என்று அப்படியே பரணில் வைத்துவிடுகிறார்கள். உரிமம் வைத்திருந்தவர் போன பிறகு அது உரிமமில்லாத ஆயுதம்.

மருந்தும் கேப்பும் ஆயுதக் கடையில் மட்டும். உரிமப் புத்தகத்தை நேரில் கொண்டு போக வேண்டும். ஒரு நேரத்தில் எவ்வளவு வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எவ்வளவு வாங்கலாம் என்று உரிமத்தில் எழுதியிருக்கும். எழுதியிருக்கிறதா என்று கடைக்குப் போகும் முன்பே பாருங்கள். அந்த இடம் காலியாக இருந்தால் கலெக்டர் அலுவலகத்தில் அந்தப் பிரிவில் கேட்டுச் சரி செய்துகொண்டு போங்கள், கடைக்காரரோடு வாதாடிப் பயன் இல்லை. ஆயுத உரிமங்களுக்கான தேசியத் தரவுத் தளத்தின் தனி அடையாள எண் உங்கள் உரிமத்தில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். வாங்கியதைக் கடைக்காரர் புத்தகத்தில் பதிவார், நீங்கள் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெடிபொருள் விதிகளில் கருமருந்து முதல் வகுப்பு வெடிபொருள். வாணக்காரருக்கு உரிமம் இருந்தாலும் அது பட்டாசுக்கான உரிமம், அவர் உங்களுக்குத் துப்பாக்கி மருந்து விற்க முடியாது. பொட்டலத்தோடு நீங்கள் பிடிபட்டால் உங்கள் துப்பாக்கி உரிமமும் சேர்ந்து போகும். சம்பா_நெல் இதைக் கவனிக்க வேண்டும்.

கல்யாணம், காதுகுத்து, சாவு வீடு என்று கூட்டத்தில் சுட்டுச் சத்தம் காட்டுவதும் 2019 திருத்தத்தில் தனிக் குற்றமாகிவிட்டது. இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

---

வலசை_அக்கா

கோடியக்கரைப் பக்கம் பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிறவள் நான். தம்பி சத்தம் காட்டத்தான் என்று சொன்னது மனசுக்கு நிம்மதி. அதோடு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

பன்றியோ மயிலோ, 1972 வனவிலங்குச் சட்டப்படி நீங்களாகச் சுட முடியாது. மயில் முதல் அட்டவணையில் இருக்கிற தேசியப் பறவை. பன்றித் தொல்லைக்கு வனத்துறையிடம் மனுக் கொடுக்க வேண்டும், நடவடிக்கை அவர்கள் எடுப்பது. பயிர்ப் பாதுகாப்பு உரிமம் வேட்டை உரிமம் ஆகாது. இதைத் தெரியாமல் மாட்டிக்கொண்ட விவசாயிகளுக்காக நான் வருத்தப்பட்டிருக்கிறேன்.

அடுத்தது இடம். கோடியக்கரை 2002 முதல் ராம்சார் தலம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம். வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-ல் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. ஐப்பசியிலிருந்து மாசி வரை அங்கே ஆயிரக்கணக்கில் வலசைப் பறவைகள். உங்கள் வயல் ஏரிக்குப் பக்கத்தில் இருந்தால் அந்த மாதங்களில் சத்தத்தைத் தவிர்த்து வேறு வழி பாருங்கள். வேட்டுச் சத்தத்தில் கூட்டோடு கலைகிற பறவை அன்றைக்கு இரை எடுக்காது. திருத்துறைப்பூண்டியிலிருந்து உதயமார்த்தாண்டபுரம் ரொம்பத் தூரம் இல்லை என்பதால் சொல்கிறேன்.

---

வெண்ணாற்றங்கரை

அக்கா, எங்க வயல் ஏரிப் பக்கம் இல்ல, ஆத்துக்குத் தெற்கால இருக்கு. ஆனாலும் மார்கழி, தையில பறவை எறங்குற நேரம் பார்த்துத்தான் செய்வேன்.

பட்டறை அண்ணே, நீங்க சொன்னபடி கோல் விட்டுப் பார்த்தேன். குழல் காலி. கோல் முனை சரியா குமிழுக்கு நேரா நிக்குது.

தாசில் ஐயா, உரிமத்துல அளவு எழுதியிருக்கு, அடையாள எண்ணும் இருக்கு. பரண் டப்பாதான் இன்னும் தொடாம இருக்கு. அதை என்ன பண்றது? காய்ஞ்சுதான் இருக்கும்னு நினைக்கிறேன், அம்மா அது மேல அரிசி மூட்டைகூட வச்சிருந்தாங்க.

---

பட்டறை_கும்பகோணம்

அந்த டப்பாவுல லேபிள் இருக்கா? மூடி எப்படி, திருகா, அழுத்தினதா? துருப்பிடிச்சிருக்கா?

---

வெண்ணாற்றங்கரை

லேபிள் இல்ல. பழைய பவுடர் டப்பா மாதிரி அழுத்தி மூடுறது. விளிம்புல துரு இருக்கு.

---

பட்டறை_கும்பகோணம்

அப்ப திறக்காதீங்க. ஸ்க்ரூடிரைவர் வச்சு நெம்பவே நெம்பாதீங்க. துருப்பிடிச்ச இரும்பு மூடி, நடுவுல மருந்துத் தூள், அதுல இரும்புக் கருவி. இதுக்கு மேல சொல்ல வேண்டியதில்ல.

கருமருந்து காய்ஞ்சு இருந்தா கெடாதுங்கறது உண்மை. ஆனா லேபிள் இல்லாத டப்பாவுல இருக்குறது கருமருந்துதான்னு யாரு சொல்றது? நான் அதிகம் பயப்படுறது இதுக்குத்தான். பழைய டப்பாக்கள்ல தோட்டா மருந்து, அதாவது புகையில்லா மருந்து, இருக்கவும் வாய்ப்பு உண்டு. நம்ம நீலகிரி அருவங்காட்டுல இருக்குற கார்டைட் ஆலை நூறு வருஷத்துக்கு மேலா செய்யுறது அந்த வகை. ரெண்டும் மருந்துன்னு ஒரே பேர்ல சொல்றோம், ஆனா குணம் தலைகீழ். கருமருந்து அழுத்தம் ஏறினாலும் பெரிசா வேகம் கூடாம எரியும். புகையில்லா மருந்து அழுத்தம் ஏற ஏற வேகம் கூடி எரியும். அதைக் கருமருந்து அளவுல வாய்க்கெட்டுத் துப்பாக்கியில போட்டா அடிப்பக்கம் வெடிச்சு சுட்டவர் முகத்துலதான் வரும். உலகம் பூரா இந்தத் துப்பாக்கியில நடக்குற பெரிய விபத்துகள்ல இது ஒரு முக்கியக் காரணம்.

ஸ்டேஷன்ல எழுத்து மூலமா சொல்லுங்க. நீங்களா தூக்கிட்டு பஸ்ல போகாதீங்க, அவங்க சொல்றபடி செய்ங்க. அதுவரைக்கும் அரிசி மூட்டையை இறக்கச் சொல்லுங்க, அடுப்படி, சாமி விளக்குப் பக்கம் டப்பா வேண்டாம்.

---

தரங்கை_அலை

உள்ளே வந்ததற்கு மன்னிக்கவும், துப்பாக்கி பற்றி எனக்கு அதிகம் தெரியாது. வரலாற்றுப் பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு மட்டும்.

மியூனிக் நண்பர் பெருமணி பீரங்கிக்கு என்றார். தஞ்சாவூர்க் கீழவாசல் பீரங்கி மேட்டில் இருக்கும் ராஜகோபால பீரங்கியைப் பார்த்தவர்களுக்கு அது என்ன அளவு என்று புரியும். இரும்புப் பட்டைகளை அடித்து இணைத்துச் செய்த குழல் அது, வார்த்தது இல்லை. தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர் காலத்துக் கொல்லர்களின் வேலை. அதே ரகுநாத நாயக்கர்தான் 1620-ல் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களுக்கு இடம் கொடுத்தார். நாகப்பட்டினத்தை டச்சுக்காரர்கள் 1658-ல் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். இந்தக் கம்பெனிகளின் கப்பல்களில் மிளகு, துணியோடு வெடியுப்பும் போனது, முக்கியமாக பீகார்ப் பக்கத்து உப்பு. ஐரோப்பியப் போர்களில் வெடித்த மருந்தில் ஒரு பெரும் பங்கு நம் நாட்டு மண்ணிலிருந்து எடுத்த உப்பு. கல்கத்தா பக்கம் இச்சாப்பூரில் 1787-ல் ஆங்கிலேயர் மருந்து ஆலை தொடங்கியதற்கும் அந்த உப்பு அருகிலேயே கிடைத்தது ஒரு காரணம்.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டைக்குப் போகிறவர்கள் கீழ்த்தளத்து அறைகளைப் பாருங்கள். கனத்த சுவரும் வளைந்த கூரையுமாக இருக்கும். கடலோரத்துக் காற்றில் மருந்தை உலர்வாக வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அங்கே நின்றால் தோன்றும்.

---

காவிரிக்கரை_மியூனிக்

தரங்கை சொன்ன உலர்வு விஷயத்தைப் பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் டெல்டாவில் இதுதான் பெரிய சவால்.

நல்ல மருந்தின் மணிகளுக்குப் பென்சில் கரி பூசி மெருகேற்றியிருப்பார்கள். அதனால் கருமையாக மினுக்கும், ஈரத்தையும் ஓரளவு தாங்கும். இந்த மினுக்கம் கறுப்பாக இருக்க வேண்டும். வெள்ளித் துகள் போல மின்னினால் அது அலுமினியம், பட்டறை அண்ணன் சொன்ன பட்டாசு மருந்து. வாங்காதீர்கள்.

எரிந்த பிறகுதான் தொல்லை. கருமருந்தில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் திடமான கசடாக நிற்கும். அந்தக் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். இங்கே குளிர்காலத்தில் மறுநாள் வரை தாங்குகிறது. ஐப்பசி அடைமழையில் நம் ஊரில் ஒரே ராத்திரியில் குழலுக்குள் செந்துரு பூத்துவிடும். சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி, துணி கறுப்பில்லாமல் வரும்வரை துடைத்து, உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். அடுத்த முறை சுடும் முன் அந்த எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்தை அது நனைக்கும்.

மாற்று மருந்துகள் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் போன்றவை கருமருந்துக்குப் பதிலாக வெளிநாட்டில் விற்பவை. பற்றிக்கொள்ள அதிகச் சூடு வேண்டும், அதனால் சக்கிமுக்கித் துப்பாக்கிக்குச் சரிப்படாது. கேப்புத் துப்பாக்கிக்கு ஆகும். கொள்ளளவில்தான் அளக்க வேண்டும், கருமருந்தின் எடைக்குச் சமமாக நிறுத்துப் போட்டால் அளவு மீறிவிடும். உங்களுக்கு இது தேவையே இல்லை.

---

சம்பா_நெல்

தாசில் ஐயா சொன்னதையும் பட்டறை சொன்னதையும் வீட்ல பையன்கிட்ட படிக்கச் சொன்னேன். எங்க வீட்டுத் துப்பாக்கியும் புதுப்பிக்கிற வருஷம்தான். இனிமே கடை மருந்துதான். ஒரு சந்தேகம். சத்தத்துக்கு மட்டும்னா குண்டு, ரவை இல்லாம மருந்தும் தக்கையும் போதும்தானே? தேங்காய் நார்தான் தக்கை வைப்போம்.

---

ஊசிமணி

போதும் பெரியப்பா. நார்த் தக்கை நல்லதுதான். ஆனா ரெண்டு எச்சரிக்கை. எரிஞ்சுக்கிட்டே போய் விழும், வைக்கோல் போர் பக்கமோ அறுத்த தாள் காய்ஞ்சு கிடக்குற வயல்லயோ சுடக் கூடாது. குண்டு இல்லன்னாலும் கிட்டத்துல இருக்குற ஆளுக்குத் தக்கையே காயம் பண்ணும்.

தக்கைய மருந்து மேல நல்லா உட்கார வைக்கணும், நடுவுல இடைவெளி விடக் கூடாது. இடைவெளி இருந்தா குழல் அந்த இடத்துல வீங்கும்னு தாத்தா சொல்வார்.

---

பட்டறை_கும்பகோணம்

ஊசிமணி தம்பி சொன்னது நூத்துக்கு நூறு சரி. வளையம் போட்டாப்ல வீங்கின குழல்களை நானே பார்த்திருக்கேன். அந்தக் குழல் அப்புறம் எதுக்கும் ஆகாது.

கேப்பு அடிச்சும் வெடிக்கலன்னா உடனே குழல் வாயைப் பார்க்காதீங்க. வெட்டவெளிப் பக்கம் நீட்டினபடியே ஒரு நிமிஷமாவது நில்லுங்க. சில நேரம் தாமதமா வெடிக்கும்.

---

வெண்ணாற்றங்கரை

கடைக்குப் போய்ட்டு வந்தேன்.

கடைக்காரர் முதல்ல உரிமம் பார்த்தார், எண்ணைக் குறிச்சுக்கிட்டார். நான் மியூனிக் அண்ணன் சொன்ன மாதிரி, வழுவழுக் குழல், நடுத்தர மணி வேணும்னு கேட்டேன். அவர் ரெண்டு ரகம் காட்டினார். ஒண்ணு முத்திரை போட்ட டப்பா, கம்பெனி பேர், தயாரிச்ச தேதி எல்லாம் இருந்துச்சு. இன்னொண்ணு பெரிய டப்பாவுலேர்ந்து பிரிச்சு பிளாஸ்டிக் பையில கட்டினது, விலை கம்மி. முத்திரை டப்பாவையே எடுத்தேன். கேப்பு வாங்கும்போது குமிழோட அளவு தெரியுமான்னு கேட்டார். தெரியாதுன்னதும், துப்பாக்கியக் கொண்டு வந்து பொருத்திப் பார்த்துட்டு வாங்கிக்கங்கன்னுட்டார். தளர்வா இருந்தா நழுவும், இறுக்கமா இருந்தா அழுத்தும்போதே வெடிக்கும்னார். அதனால கேப்பு இன்னும் வாங்கல.

டப்பா விஷயமா ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்தாச்சு. வந்து எடுத்துட்டுப் போறதாச் சொல்லியிருக்காங்க.

கடைசியா ஒண்ணு. வீட்ல மருந்தை எங்க வைக்கிறது? பரண் வேண்டாம்னு புரிஞ்சுபோச்சு. இரும்புப் பெட்டியில பூட்டி வைக்கலாமா?

---

பட்டறை_கும்பகோணம்

பிளாஸ்டிக் பைய விட்டுட்டு முத்திரை டப்பா எடுத்தது சரியான முடிவு.

இரும்புப் பெட்டியில காத்துப் போகாம இறுக்கிப் பூட்டாதீங்க. தீ பட்டா அந்தப் பெட்டியே குண்டாயிடும். வாங்கின டப்பாவுலேர்ந்து வேற எதுக்கும் மாத்தாதீங்க. கனமான மரப்பெட்டி, பூட்டோட, சமையல்கட்டுக்கும் மின்சாரப் பலகைக்கும் தள்ளி, தரையிலேர்ந்து கொஞ்சம் உசத்தி, வெயில் படாத அறையில. கேப்பு தனிப் பெட்டி, தனி இடம். துப்பாக்கி இன்னொரு இடத்துல பூட்டு. சாவி உங்ககிட்ட மட்டும்.

---

பழைய_தாசில்

ஒன்று விட்டுப்போனது. தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வரும். அப்போது மருந்தும் கேப்பும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதையும் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். ஒரு நோட்டில் வாங்கிய அளவு, செலவான அளவு, தேதி மூன்றையும் எழுதி வாருங்கள். புதுப்பிக்கும்போதும் அந்த நோட்டு கைகொடுக்கும்.

---

வெண்ணாற்றங்கரை

சரிங்க ஐயா. நோட்டு இன்னைக்கே போட்டுடறேன். மரப்பெட்டிக்குத் தச்சர்கிட்ட சொல்லியிருக்கேன். அது வர்ற வரைக்கும் வாங்கின மருந்து டப்பாவைக் கடையிலயே வச்சுக்கச் சொல்லி, கடைக்காரரும் ஒத்துக்கிட்டார். திங்கள்கிழமை துப்பாக்கியோட போய் கேப்பு அளவு பார்த்துட்டு வர்றேன்.